நீலப் புல்தரையும் நாலு கான்ஃபரன்ஸும்

2024 செப்டம்பர் 12ஆம் தேதி, பாய்சி ஸ்டேட் பல்கலைக்கழகம், கல்லூரி விளையாட்டு அணிகளின் கூட்டணியான மவுண்டன் வெஸ்ட் கான்ஃபரன்ஸை விட்டுவிட்டு பேக் 12 கான்ஃபரன்ஸில் சேரப்போவதாக அறிவித்தது. வீட்டுப் பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்துவிட்ட மாதிரி ஊரே பேசிக்கொண்டது. ஆபீஸ் கேன்டீனில் அதே பேச்சு, முடி வெட்டப் போன இடத்திலும் அதே பேச்சு. எனக்கு ஒரு விஷயம்தான் உறுத்தியது. அந்த நல்ல இடத்தில் அன்றைய தேதிக்கு இருந்ததே இரண்டு அணிகள். பெயரில் பன்னிரண்டு, உள்ளே இரண்டு.

பாய்சி, ஐடஹோ மாநிலத்தின் தலைநகரம். மைக்ரான் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால், சிப் வேலைக்காக வந்து சேர்ந்த தமிழர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறோம். வந்த புதிதில் ஃபுட்பால் என்றால் எனக்குக் காலால் உதைக்கும் ஆட்டம்தான். இங்கே அது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதிக்கொண்டு ஓடும் ஆட்டம் என்பது பழக ஒரு சீசன் ஆனது. இந்த ஊரில் இருந்துகொண்டு அதைத் தவிர்க்கவும் முடியாது. ஐடஹோவில் தொழில்முறை ஃபுட்பால் அணி கிடையாது. மாநிலத்தின் மானம் மரியாதை எல்லாம் கல்லூரிப் பையன்கள் கையில்தான்.

அறிவிப்பு வந்த வாரத்தில், எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த திருநெல்வேலித் தம்பி கேட்டான்: "அண்ணே, எல்லாரையும் ஒரே லீகுல போட்டு ஐபிஎல் மாதிரி பாயின்ட்ஸ் டேபிள் வெச்சா முடிஞ்சுது. எதுக்கு இத்தனை கூட்டணி, கட்சித் தாவல் எல்லாம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே மேல்மட்டப் பிரிவில் மட்டும் 130 அணிகளுக்கு மேல். ஓர் அணி ஒரு சீசனில் ஆடுவதோ 12 ஆட்டம். எல்லோரும் எல்லோரோடும் மோதுவது நடக்காத காரியம். அதனால் எட்டு, பத்து, பதினெட்டு என்று அணிகள் சேர்ந்து ஒரு கான்ஃபரன்ஸ் வைத்துக்கொள்கின்றன. ஆட்டங்களில் பெரும்பாலானவை அதற்குள்ளேயே நடக்கும். டிவி உரிமையைக் கான்ஃபரன்ஸ் மொத்தமாக விற்று, வரும் பணத்தைப் பங்கு போட்டுக் கொடுக்கும். பிக் டென் என்ற பெரிய கான்ஃபரன்ஸ் 2022இல் போட்ட ஒப்பந்தம் ஏழு வருஷத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல். பாய்சி இருந்த மவுண்டன் வெஸ்ட் 2020இல் போட்டது ஆறு வருஷத்துக்கு 27 கோடி. ஆட்டம் ஒன்று, விதிகள் ஒன்று, பையன்களின் வயசும் ஒன்று. காசு மட்டும் இப்படி.

காசைவிடப் பெரிய விஷயம் மதிப்பு. யார் பெரிய அணி என்பதைப் பல காலம் புள்ளிப் பட்டியல் தீர்மானிக்கவில்லை. வாக்குகளும் கணினித் தரவரிசையும் தீர்மானித்தன, பிறகு ஒரு தேர்வுக் குழு. "நீ யாரை ஜெயித்தாய்?" என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. சின்ன கான்ஃபரன்ஸில் இருந்தால் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்தாலும் பதில் எடுபடாது.

இந்தக் கேள்விக்கு பாய்சி அளவுக்கு அடிபட்ட அணி குறைவு.

1932இல் இரண்டு வருஷப் படிப்புக்கான ஜூனியர் கல்லூரியாகத் தொடங்கிய இடம் இது. 1986இல் ஸ்டேடியத்தின் செயற்கைப் புல்லை மாற்ற வேண்டி வந்தபோது, பச்சைக்குப் பச்சை போடுவதற்கு எதற்கு இவ்வளவு செலவு என்று நீல நிறத்தில் போட்டார்கள். கேலி செய்தவர்கள் ஏராளம். ஆனால் டிவியில் சேனல் மாற்றிக்கொண்டே போகிறவர் ஒரு நொடி நின்று, "இது என்ன கூத்து" என்று பார்ப்பாரா இல்லையா? அதுவே விளம்பரம். பாய்சி ஆற்றங்கரை நடைபாதையை ஒட்டித்தான் ஸ்டேடியம். முதல் தடவை உள்ளே போனபோது, நீலச் சட்டை போட்ட ஆட்டக்காரர்கள் நீலத் தரையில் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே சிரமப்பட்டேன்.

1996இல் மேல்மட்டப் பிரிவுக்கு வந்து பிக் வெஸ்ட் கான்ஃபரன்ஸில் சேர்ந்தது. 2001இல் வெஸ்டர்ன் அத்லெடிக் கான்ஃபரன்ஸ், எல்லோரும் வாக் என்பார்கள். அப்புறம்தான் 2007 ஜனவரி 1, ஃபியஸ்டா பௌல், எதிரே ஓக்லஹோமா. பௌல் என்றால் சீசன் முடிவில் நல்ல அணிகளை அழைத்து நடத்தும் ஆட்டம்.

அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்கும் இந்த ஊரில் இரண்டு பீர் உள்ளே போனால் பேச்சு அங்கேதான் போய் நிற்கும். ஓக்லஹோமா பாரம்பரியப் பெரும்புள்ளி. ஒரு நிமிஷம் மிச்சமிருக்கும்போது பாய்சி எறிந்த பந்தை அவர்கள் பிடித்துக்கொண்டு ஓடி 35-28 என்று முன்னே போனார்கள். 18 நொடி மிச்சம், கடைசி வாய்ப்பு, பந்தைத் தக்கவைக்கவே தேவை 18 யார்டு. பந்தைப் பிடித்தவர் சிக்கப்போகிற நேரத்தில் குறுக்கே ஓடி வந்த இன்னொருவரிடம் தூக்கிப் போட்டார், அவர் கடைசிக் கோட்டையே தாண்டிவிட்டார். ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. ஓக்லஹோமா முதல் முயற்சியிலேயே டச்டவுன் (பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டுவது) போட்டு 42-35 என்று முன்னே போனது. பாய்சியும் ஒன்று போட்டது. ஒரு புள்ளிக்கு உதைத்தால் சமன், இரண்டு புள்ளிக்கு முயன்றால் ஜெயிக்கலாம் அல்லது அங்கேயே தோற்கலாம். கோச் கிறிஸ் பீட்டர்சன் இரண்டைக் கேட்டார். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் ஜாரெட் ஜப்ரான்ஸ்கி வலப்பக்கம் பார்த்து, வெறுங்கையை வீசி எறிவது போல நடித்தார். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் இடக்கையில் இருந்தது. இயன் ஜான்சன் அதை வாங்கிக்கொண்டு ஆளில்லாத இடப்பக்கம் ஓடினார். 43-42. ஜெயித்த கையோடு, டிவி கேமரா முன்னாலேயே தன் காதலியிடம் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று வேறு கேட்டார் அந்த மனுஷன்.

அந்த சீசனில் மேல்மட்டப் பிரிவில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காத ஒரே அணி பாய்சி, 13-0. கடைசித் தரவரிசையில் கிடைத்தது ஐந்தாம் இடம். 2009 சீசனில் 14-0, அப்போதும் முதலிடம் இல்லை. 2010இல் பத்து ஆட்டம் ஜெயித்து நின்ற நேரத்தில் நெவாடாவிடம் 34-31 என்று ஒரே ஒரு தோல்வி. கிட்டத்திலிருந்து உதைத்த இரண்டு உதைகள் தவறின. பெரிய கான்ஃபரன்ஸ் அணிக்கு ஒரு தோல்வி என்றால் மன்னிப்பு உண்டு. பாய்சிக்கு அதோடு கதை முடிந்தது, சாதாரண லாஸ் வேகஸ் பௌலுக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, பெரிய இடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை வந்ததில் தப்பில்லை. ஆசைப்பட்ட ஒவ்வொரு தடவையும் என்ன நடந்தது என்பதுதான் வேடிக்கை.

2010 ஜூனில் மவுண்டன் வெஸ்ட்டில் சேரப்போவதாக பாய்சி சொன்னது. அங்கே யூட்டா, பிரிகாம் யங், டெக்சஸ் கிறிஸ்டியன் என்று மூன்று பலமான அணிகள். அவர்களோடு ஆடினால் "யாரை ஜெயித்தாய்" கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஒரு வாரம்கூட ஆகவில்லை, யூட்டா பேக் 10-க்குக் (பேக் 12-இன் அப்போதைய பெயர்) கிளம்பிவிட்டது. ஆகஸ்ட் கடைசியில் பிரிகாம் யங் தனியாக ஆடப்போவதாகச் சொன்னது. நவம்பரில் டெக்சஸ் கிறிஸ்டியனும் வேறு இடம் பார்த்தது. 2011இல் பாய்சி உள்ளே வந்தபோது அந்த மூன்றில் ஒன்றுதான் மிச்சம், அதுவும் கடைசி வருஷம். போகிற போக்கில் நீலத் தரையிலேயே பாய்சியை 36-35 என்று தோற்கடித்துவிட்டுப் போனது.

அடுத்தது பிக் ஈஸ்ட். 2011 டிசம்பரில், ஃபுட்பாலுக்கு மட்டும் அங்கே சேர்வதாக பாய்சி ஒப்புக்கொண்டது. பெயரிலேயே கிழக்கு. இருப்பதோ மேற்கு மலைப் பக்கம். கனெக்டிகட் வரைக்கும் பறந்து போய் ஆட வேண்டும். ஏன் ஒப்புக்கொண்டார்கள்? பிக் ஈஸ்ட் சாம்பியனுக்குப் பெரிய பௌல் ஆட்டத்தில் நேரடி இடம் உண்டு, அதற்காகத்தான். ஆனால் பிட்ஸ்பர்க், சிரக்யூஸ், வெஸ்ட் வர்ஜீனியா எல்லாம் ஏற்கெனவே வெளியேறிக்கொண்டிருந்தன. 2012 நவம்பரில் ரட்கர்ஸும் லூயிவில்லும் கிளம்பின. டிசம்பரில் கூடைப்பந்தையே பிரதானமாக வைத்திருந்த ஏழு கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் தனியாகப் பிரிவதாகச் சொன்னன. நேரடி இடம் என்ற ஏற்பாடும் ஒழியப்போகிறது என்று தெரிந்துவிட்டது. 2012 டிசம்பர் 31 அன்று பாய்சி, "நாங்கள் எங்கேயும் போகவில்லை" என்று மவுண்டன் வெஸ்ட்டிலேயே இருந்துகொண்டது. ஒரு நாள்கூட பிக் ஈஸ்ட்டில் ஆடவில்லை.

ஆனால் சும்மா இருந்துவிடவில்லை, பேரம் பேசித்தான் இருந்தது. தன் உள்ளூர் ஆட்டங்களின் டிவி உரிமையைத் தனியாக விற்கலாம் என்று வாங்கிக்கொண்டது. பின்னாளில் அது மற்ற அணிகளைவிட வருஷத்துக்கு 18 லட்சம் டாலர் கூடுதல் என்று நின்றது. இன்னொரு நிபந்தனைதான் எனக்குப் பிடித்தது. 2011இல் சேர்த்துக்கொண்டபோது, சொந்த மைதானத்துக் கான்ஃபரன்ஸ் ஆட்டங்களில் மேலிருந்து கீழ்வரை நீல உடை போடக்கூடாது என்று கட்டுப்பாடு விதித்திருந்தார்கள். எதிரணிக்குக் கண்ணில் படமாட்டார்களாம். திரும்பி வந்தபோது அதையும் நீக்க வைத்துவிட்டார்கள்.

இந்தச் சலுகைகளால் மற்ற அணிகளுக்கு எரிச்சல். கூடுதல் பணத்தை இனித் தொடர முடியாது என்று 2020இல் கான்ஃபரன்ஸ் சொல்லப்போக, பாய்சி வழக்கே போட்டது. கடைசியில் வழக்கைத் திரும்பப் பெற்றார்கள், மனஸ்தாபம் மட்டும் போகவில்லை. 2024இல் கிளம்பியது திடீர் முடிவு என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, பேக் 12-க்கு என்ன ஆனது? மேற்குக் கடற்கரையின் நூற்றாண்டுப் பெருமை அது. 2022 ஜூன் 30 அன்று சதர்ன் கலிஃபோர்னியாவும் யுசிஎல்ஏவும் பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. மிச்சமிருந்தவர்களுக்குச் சரியான டிவி ஒப்பந்தம் அமையவில்லை. 2023 ஜூலையில் கொலராடோ. ஆகஸ்ட் 4, ஒரே நாளில் ஆரிகன், வாஷிங்டன், அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா என ஐந்து அணிகள் காலி. செப்டம்பர் 1 அன்று ஸ்டான்ஃபோர்டும் கலிஃபோர்னியாவும் அட்லான்டிக் கடற்கரைக் கான்ஃபரன்ஸில் போய்ச் சேர்ந்தன. பசிபிக் கரையிலிருந்து அட்லான்டிக்குக்கு! மிஞ்சியது ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். கான்ஃபரன்ஸின் பெயரும் கையிருப்பும் தங்களுக்குத்தான் என்று நீதிமன்றம் போய் ஜெயித்தார்கள். எட்டு அணிகள் இல்லாவிட்டால் கான்ஃபரன்ஸாகவே கருத மாட்டார்கள், அதற்கு இரண்டு வருஷ அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் ஆள் பிடித்தார்கள். முதலில் பாய்சி, கொலராடோ ஸ்டேட், ஃபிரெஸ்னோ ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட். கொஞ்ச நாளில் யூட்டா ஸ்டேட். ஐந்துமே மவுண்டன் வெஸ்ட்காரர்கள். 2025 ஜூன் கடைசியில் டெக்சஸ் ஸ்டேட் எட்டாவதாக வந்தது. மாறும் தேதி 2026 ஜூலை 1.

அதாவது பாய்சி புதிய இடத்துக்குப் போகவே இல்லை. பழைய கூட்டத்தில் பாதியை, அதுவும் தனக்கு வேண்டிய பாதியை, கூட்டிக்கொண்டு பிரபலமான பெயர்ப்பலகைக்குக் கீழே போய் நிற்கிறது. வயோமிங், நெவாடா, நியூ மெக்சிகோ, சான் ஹோசே ஸ்டேட், ஹவாய் எல்லாம் பின்னே நிற்கின்றன. மாற்றத்தின் சாரம் இதுதான். யாரோடு சேர்கிறோம் என்பதைவிட யாரைக் கழற்றிவிடுகிறோம் என்பதே பெரிய முடிவு.

கழற்றிவிடப்பட்டவர்களின் கதை எனக்குப் பக்கத்து வீட்டிலேயே கிடைத்தது. அவர் ஓய்வு பெற்றவர், ஐடஹோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். அது பாய்சியில் இல்லை, வடக்கே மாஸ்கோ என்ற சின்ன ஊரில். 1889இல் தொடங்கிய, மாநிலத்தின் மூத்த பல்கலைக்கழகம். ஊரெல்லாம் நீலமும் ஆரஞ்சும் பறக்கும்போது இவர் வீட்டு வாசலில் மட்டும் கறுப்பும் தங்க நிறமும் கொண்ட கொடி. ஒரு நாள் வேலியோரம் நின்று பேசும்போது நான் பேக் 12 செய்தியை எடுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "அந்தக் கான்ஃபரன்ஸில் நாங்கள் இருந்தோம், தெரியுமா?" என்றார்.

நிஜம்தான். பேக் 12 தன் வரலாற்றை 1915இல் தொடங்கிய பசிபிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸிலிருந்து எண்ணுகிறது. அதில் ஐடஹோ 1922 முதல் உறுப்பினர். ஆட்டக்காரர்களுக்கு ரகசியமாகப் பணம் கொடுத்த விவகாரம் வெடித்து 1959இல் அது கலைந்தது. கலிஃபோர்னியா அணிகளும் வாஷிங்டனும் புதிதாக ஒரு சங்கம் ஆரம்பித்தன. அப்போது வெளியே விடப்பட்டவை எவை? ஐடஹோ, ஆரிகன், ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட். கடைசி மூன்றும் 1964க்குள் திரும்பச் சேர்க்கப்பட்டன, ஐடஹோவை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மன், மாஸ்கோவிலிருந்து 13 கிலோமீட்டர்தான். ஒருவருக்குக் கதவு திறந்தது, பக்கத்து ஊருக்குத் திறக்கவில்லை. ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் 2023இல் இரண்டாம் தடவையாக அதே இடத்தில் அம்போ என்று நின்றார்கள். 1959இல் கூடவே தவித்த ஆரிகன், இந்தத் தடவை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பக்கம்.

ஐடஹோவின் பாடு அதோடு முடியவில்லை. பின்னாளில் அதுவும் மேல்மட்டத்துக்கு வந்து, வாக் கான்ஃபரன்ஸில் பாய்சியோடு ஆடியது. 1999 முதல் 2010 வரை இருவரும் மோதிய 12 ஆட்டங்களிலும் பாய்சிக்கே வெற்றி. பாய்சி 2010இல் கிளம்பியதும் ஃபிரெஸ்னோ, நெவாடா, ஹவாய் என்று வரிசையாகக் கிளம்ப, 2012 சீசனோடு வாக்கில் ஃபுட்பாலே நின்றுபோனது. ஐடஹோ ஒரு வருஷம் தனியாக ஆடியது, பிறகு தெற்கத்தி அணிகளின் சன் பெல்ட்டில் ஒட்டிக்கொண்டது. தூரம் கட்டவில்லை என்று 2016இல் அவர்களும் கை கழுவினார்கள். 2018இல் ஐடஹோ கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. மேல்மட்டத்திலிருந்து தானாக அப்படி இறங்கிய முதல் அணி அதுதான்.

இறங்கப்போவதாக அறிவித்த பிறகு, 2016 டிசம்பரில், அது ஒரு பௌல் ஆட்டம் ஆடியது. உருளைக்கிழங்கு பௌல், பாய்சியின் நீலத் தரையிலேயே. 61-50 என்று ஜெயித்தது. தோற்ற அணி கொலராடோ ஸ்டேட். ஜெயித்தவர் கீழே போனார், தோற்றவர் இப்போது பேக் 12-க்குப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரர் இதை என்னிடம் சொன்னபோது குரலில் கோபம் இல்லை. "ஆடுவதில் நாங்கள் குறை வைக்கவில்லை. எங்களைச் சுற்றி இருந்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள், அவ்வளவுதான்" என்றார்.

இதைக் கேட்ட பிறகு பாய்சியின் முடிவு பேராசையாக எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் தெரிகிறது. நியாயமான பயம். ஐந்து பேர் கிளம்பத் தயாராக இருக்கும் கூட்டத்தில் "நான் இங்கேயே இருக்கிறேன்" என்று சொன்னால், அடுத்த ஐடஹோ நீங்கள்தான்.

ஆனால் இந்தப் பயத்துக்கு விலை உண்டு. 2024 சீசனுக்கு ஆடுவதற்கு ஆளில்லாமல் நின்ற அந்த இரண்டு அணிகளும் மவுண்டன் வெஸ்ட்டுக்கு 1.4 கோடி டாலர் கொடுத்து ஆட்டங்கள் வாங்கின. அந்த ஒப்பந்தத்திலேயே ஒரு ஷரத்து: எங்கள் அணியை இழுத்தால் முதல் அணிக்கு 1 கோடி டாலர், அடுத்தடுத்து ஐந்து ஐந்து லட்சம் கூடுதல். ஐந்து அணிக்கு 5.5 கோடி. அதுபோக, விலகும் ஒவ்வொரு அணியும் ஒன்றரைக் கோடிக்கு மேல் தனியாகக் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டவர்களே அந்த ஷரத்து செல்லாது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். வக்கீல்களுக்கு நல்ல சீசன்.

அந்த 2024 சீசனில்தான் பாய்சிக்குப் பெரிய அதிர்ஷ்டமும் அடித்தது. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் 12 அணிகள் ஆடிய முதல் வருஷம். உயர்ந்த தரவரிசையில் இருக்கும் நாலு கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு முதல் சுற்று விலக்கு என்று விதி. பாய்சி தரவரிசையில் ஒன்பதாவது. ஆனால் மவுண்டன் வெஸ்ட் சாம்பியன் என்பதால் மூன்றாம் இடம் கிடைத்து நேராகக் கால் இறுதி. பாய்சியின் ஆஷ்டன் ஜென்டி அந்த சீசனில் பந்தோடு 2,601 யார்டு ஓடினார், ஒரே சீசனில் அதிகம் ஓடிய பேரி சாண்டர்ஸின் 1988 சாதனைக்கு 27 யார்டு எட்டவில்லை. பெரிய அணிகள் கூடுதல் பணம் காட்டி இழுத்தும் அவர் பாய்சியிலேயே இருந்தவர். பென் ஸ்டேட்டிடம் 31-14 என்று தோற்றதெல்லாம் அப்புறம். எந்தச் சின்ன கான்ஃபரன்ஸை வேண்டாம் என்றார்களோ, அதன் கோப்பைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. அடுத்த வருஷமே அந்த விலக்கு விதியை மாற்றிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பேக் 12-இல் பலமான அணிகளோடு மோதி ஜெயித்தால் மதிப்பு கூடும், வாஸ்தவம். அதே அணிகளிடம் இரண்டு ஆட்டம் தோற்றால் சாம்பியன் பட்டமே கைவிட்டுப் போகும். இரண்டில் எது அடிக்கடி நடக்கும் என்று அறிக்கை எழுதியவர்கள் யாரும் சொல்லவில்லை.

திருநெல்வேலித் தம்பி போன வாரம் மறுபடி கேட்டான், "அப்போ இதோட செட்டிலா அண்ணே?" இல்லை என்றேன். பிக் 12 என்ற இன்னொரு பெரிய கான்ஃபரன்ஸ் நாளைக்கே கூப்பிட்டால் பாய்சி அன்றைக்கே கிளம்பிவிடும். ஆரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும்கூடக் கிளம்பும், அவர்களுக்கு இப்போது நல்ல அனுபவம் இருக்கிறது. அப்படி நடந்தால் டெக்சஸ் ஸ்டேட் என்ன செய்யும் என்று கேட்டான். பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.